நாலு தட்டுப் புறம்போக்கு

‘கரண்ட் வந்துச்சா’ என்று ஓர் இசைக்குழு இருந்தது. இசைக்குழுவுக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று கேட்காதீர்கள், வைத்தார்கள். நெம்மேலிக் குப்பத்து வலைக்கூடத்தில் நால்வரும் முதல்முதலாக ஒத்திகை பார்த்த அன்று ஏழு முறை மின்சாரம் போயிற்று. ஏழு முறையும் நான்கு பேரும் ஒரே குரலில் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு அவர்கள் சுருதி பிசகாமல் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான் என்பதால் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

பாடுகிறவள் வச்சலா. குப்பத்துப் பெண், மாமல்லபுரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. கிட்டார் வாசித்துப் பாட்டும் எழுதுகிறவன் கிஷோர். செங்கல்பட்டிலிருந்து தினமும் சிறுசேரிக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்து எழுந்து வருகிறவன். கீபோர்டு ரோகிணி. அணு ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சதாசிவத்தின் ஒரே மகள். டிரம்ஸ் இருசப்பன். விடியற்காலையில் அண்ணன் படகில் கடலுக்குப் போவான், பத்து மணிக்குக் கரையேறுவான், சாயங்காலம் டிரம்ஸ் முன்னால் உட்காருவான். பேச்சு குறைவு. நான்கு பேர் எடுத்துக்கொண்ட படத்தில் எப்போதும் பாதி வெட்டுப்பட்டு நிற்பவன். நம்முடைய ஆள் இவன்தான்.

ஐந்து வருடத்தில் பதினோரு பாட்டு போட்டார்கள். பத்துப் பாட்டை அவர்களே இரண்டாம் முறை கேட்டதில்லை. பதினோராவது பாட்டுதான் அவர்களைத் தூக்கிவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் மதிலைப் பார்த்தபடி பேருந்துக்காக ஒன்றேகால் மணி நேரம் நின்ற கோபத்தில் கிஷோர் எழுதியது.

‘உப்ப எடுத்துட்டா கடலு கடலா?
உன்ன எடுத்துட்டா நானு நானா?’

‘உப்பெடுத்த கடலு’ என்று பெயர். செங்கல்பட்டு மின்சார ரயிலில் கல்லூரிப் பையன்கள் பெட்டியைத் தட்டிப் பாடினார்கள். ஷேர் ஆட்டோக்களில் ஓடியது. கல்யாண மண்டபத்தில் பெண் மேடைக்கு வரும்போது போட்டார்கள், அர்த்தம் புரிந்தா போட்டார்கள் என்று தெரியவில்லை.

அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். நாலு தட்டு நேரத்துக்கு ஒன்றுமே இருக்காது. கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். அப்புறம் இருசப்பன் ஒரு அடி கொடுப்பான் பாருங்கள், அதோடு கடைசிப் பல்லவி வந்து விழும். கூட்டம் கத்துவதே அந்த இடத்தில்தான். இசை இணையதளம் ஒன்றில் அதைத் ‘துணிச்சலான மௌனம்’ என்று எழுதினார்கள்.

துணிச்சலாவது ஒன்றாவது. ஒலிப்பதிவு அன்று இருசப்பனுக்குக் கை வியர்த்துக் குச்சி நழுவிக் கீழே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அவன் குனிந்து தேடினான். மற்ற மூன்று பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்கள். யாரும் திட்டவில்லை. அவன் நிமிர்ந்து அடித்தான், மூன்று பேரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். கேட்டுப் பார்த்துவிட்டு ரோகிணிதான் ‘இது அப்படியே இருக்கட்டும்’ என்றாள்.

பாட்டு ஓடினால் என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு தனித்திட்டம் முளைக்கும்.

கிஷோர் ‘கிஷோரும் கிஷோரும்’ என்று தொடங்கினான். அவன் குரலை அவனே நான்காகப் பதிவுசெய்து தன்னோடு தானே சண்டை போட்டுப் பாடுவது. வச்சலா, பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் புகார்களை எடுத்து உருக்கமாக மெட்டமைத்துப் பாடினாள். ‘பி பிளாக்கு லிஃப்ட்டு மூணு நாளா ஓடல’ என்ற பாட்டைக் கேட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். ரோகிணி தூக்கம் வராதவர்களுக்காக ஆலை மோட்டார் உறுமுவதை எட்டு மணி நேரம் பதிவுசெய்து, நடுவில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை கீபோர்டில் ஒரு கட்டையை மட்டும் தொட்டு வெளியிட்டாள். அதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். முழுக்கக் கேட்டவர் யாருமில்லை, அதுதான் அதன் வெற்றி.

இணையதளக்காரர் பேட்டிக்கு வந்தபோது கடைசியாக இருசப்பனிடம் திரும்பினார்.

“உங்க சைடு ப்ராஜெக்ட் என்ன?”

இருசப்பனுக்குக் கேள்வி புரியவில்லை. “மத்த நேரத்துல இன்னா பண்றன்னு கேக்குறாரு மச்சான்,” என்று கிஷோர் எடுத்துக் கொடுத்தான்.

“கடலுக்குப் போவேன்,” என்றான் இருசப்பன்.

‘இருசப்பனின் தனித்திட்டமான “கடல்” விரைவில்’ என்று வெளிவந்தது. அதிலிருந்து யாராவது ஒருவர் வாரம் தவறாமல் அவனைப் பிடித்து “கடல் எப்ப வருது?” என்று கேட்டார்கள். “அங்கயேதான கீது” என்று அவன் சொன்னதை ஆழமான பதில் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சண்டை எதில் வந்தது என்றால், மூன்று தனித்திட்டமும் அந்த ஒரு பாட்டைத் தன் பாட்டு என்று போட்டதில் வந்தது. கிஷோர் நான்கு கிஷோர்களாகப் பாடினான். வச்சலா அதை அழுகைப் பாட்டாக்கினாள். ரோகிணி எட்டு மணி நேரமாக இழுத்தாள். எழுதினது நான் என்றான் அவன். என் குரல் இல்லாட்டி அது இன்னாத்துக்கு என்றாள் இவள். ஹம்மிங்கும் இடையிசையும் என்னோடது என்றாள் ரோகிணி. வலைக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை ஒத்திகை நின்றுபோனது.

இங்கேதான் சதாசிவம் உள்ளே வருகிறார். எதுவானாலும் காகிதத்தில் வந்துவிட வேண்டும் என்பவர். ஓய்வுபெற்றபின் மூன்று மனை வாங்கியவர், மூன்றுக்கும் வில்லங்கச் சான்றிதழ் சட்டைப்பையில் இருக்கும். “அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டா என்ன செய்வாங்க? பாகம் பிரிச்சுப்பாங்க. பாட்டையும் பிரிச்சிடுங்க. எனக்குத் தெரிஞ்ச பத்திர எழுத்தர் இருக்காரு,” என்று நான்கு பேரையும் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனார். நியாயமாக வக்கீலிடம் போயிருக்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போனது பத்திர எழுத்தரிடம்.

பத்திர எழுத்தர் திருநாவுக்கரசுக்கு ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மேசை. நாற்பது வருடமாக மனை, நஞ்சை, புஞ்சை தவிர வேறொன்றும் எழுதியறியாதவர்.

“சொத்து எந்தூர்ல கீது?” என்றார்.

“சொத்து இல்ல சார், பாட்டு,” என்றான் கிஷோர்.

“சரி, பாட்டு. எத்தினி சென்ட்டு?”

“மூணு நிமிஷம் நாப்பது செகண்டு.”

அவர் எழுதிக்கொண்டார். “மேல கட்டடம் எதுனா கீதா?”

“டிரம்ஸ் கீது.”

“அப்ப தரைத்தளம்னு போட்டுக்குறேன். எல்லை சொல்லுங்க. எதுக்குக் கிழக்க, எதுக்கு மேற்க?”

பாட்டு ஆரம்பிக்கிற பக்கம் மேற்கு, முடிகிற பக்கம் கிழக்கு என்று முடிவாயிற்று. வடக்கு தெற்குக்கு என்ன செய்வது? ரெண்டு எல்லை வைத்துப் பத்திரம் எழுதினால் தன் பெயர் கெட்டுவிடும் என்று திருநாவுக்கரசு பேனாவை மூடிவிட்டார். ரோகிணிதான் வழி சொன்னாள். மேல் ஸ்தாயி வடக்கு, கீழ் ஸ்தாயி தெற்கு. அவர் முகம் மலர்ந்தது. “படிச்ச பொண்ணு,” என்று சதாசிவத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

பத்திரம் இப்படிப் போனது: ‘வச்சலா பாகத்துக்கு விடப்பட்ட சொத்து விவரம். மேற்படி பாட்டில் பல்லவி வருகிற இடமெல்லாம். இதற்கு எல்லைகளாவன: ஆரம்ப ஹம்மிங்குக்குக் கிழக்கு, முதல் சரணத்துக்கு மேற்கு, மேல் ஸ்தாயிக்குத் தெற்கு, கீழ் ஸ்தாயிக்கு வடக்கு. இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட பல்லவியும், அதிலுள்ள மாவடை, மரவடை, கிணறு, கல், புல், புதையல் சகிதமும்.’

“கிணறு எங்க சார் கீது பல்லவில?” என்று வச்சலா கேட்டாள்.

“இருக்கட்டும்மா. பின்னால தோண்டினீன்னா?”

சரணங்கள் கிஷோருக்கு. ஹம்மிங்கும் கீபோர்டு இடையிசையும் ரோகிணிக்கு. ஒருவர் பாகத்துக்குப் போக மற்றவர் பாகத்தைத் தாண்டித்தானே ஆகவேண்டும்? அதற்கு ‘ஆள், வண்டி, கால்நடை போய்வர வழிநடைப் பாத்தியம்’ எழுதினார். எல்லாம் எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்த திருநாவுக்கரசு புருவத்தைச் சுருக்கினார்.

“மூணு நிமிஷம் முப்பத்தெட்டுதான் வருது. ரெண்டு செகண்டு இடிக்குதே.”

செல்போனில் பாட்டைப் போட்டுத் தேடினார்கள். இரண்டாவது சரணத்துக்கும் கடைசிப் பல்லவிக்கும் நடுவே அந்த நாலு தட்டு. யாரும் பாடவில்லை, யாரும் வாசிக்கவில்லை, யாருக்கும் எழுதவில்லை.

“இது புறம்போக்கு,” என்றார் திருநாவுக்கரசு. “யார் பேருலனா போட்டே ஆவணும். யாருக்குப் புறம்போக்கு?”

மூன்று பேரும் இருசப்பனைப் பார்த்தார்கள். அதுவரை அவனுக்கு ஒரு பாகம் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. டிரம்ஸ்தான் கட்டடம் என்று தரைத்தளத்தில் போய்விட்டதே. “குச்சிய வுட்டது அவன்தான,” என்று கிஷோர் சிரித்தான். அப்படியே எழுதி, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, ஜெராக்ஸ் கடைக்காரர் துரையும் சதாசிவமும் சாட்சி போட்டார்கள். இருசப்பன் தன் கையெழுத்தை எழுத்தெழுத்தாக இழுத்துப் போட்டான். பாகம் சின்னதாக வந்த வருத்தத்தில் இல்லை. இனிமேல் இவர்கள் வலைக்கூடத்துக்கு வரமாட்டார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் வரவில்லை. ஏழு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. இருசப்பன் மட்டும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வலைக்கூடத்தைத் திறந்து, டிரம்ஸைத் துடைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவான். அவனுக்கு அந்த மூன்று பேர் இல்லாமல் முடியவில்லை, உண்மை அதுதான். கடலில் இருக்கும்போது பரவாயில்லை, வலை இழுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைதான் பேஜாராக இருந்தது.

கோளாறு வச்சலாவின் தனிக் கச்சேரியில் வெளிப்பட்டது. செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். பல்லவியை நிறுத்தி நிதானமாகப் பாடினாள், சொந்த இடமல்லவா. கிஷோரின் சரணம் வந்ததும் அடுத்தவன் வயல் வரப்பில் ஓடுகிற மாதிரி விறுவிறுவென்று கடந்தாள். இரண்டாவது சரணமும் கடந்தாயிற்று. கடைசிப் பல்லவிக்கு வாயைத் திறந்தாள். முன்வரிசையில் சதாசிவம் எழுந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட பத்திர நகல்.

“அம்மா, நில்லு. அங்க இருசப்பன் இடம் இருக்கு. அதுக்கு வழிநடைப் பாத்தியம் எழுதலை.”

எழுதத்தான் இல்லை. புறம்போக்கு கடைசியில் கண்ணில் பட்டதால் வழி எழுத மறந்துவிட்டார் திருநாவுக்கரசு. ஆக, கடைசிப் பல்லவி வச்சலாவுடையது, ஆனால் அங்கே போக வழியில்லை. பாட்டு ‘டக்’ என்று அறுந்து நின்றது. மண்டபத்தில் ஒருவர் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துக் கைவிசிறி எடுத்தார்.

காற்றோடு போகட்டும் என்று பாடிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒரு பயம், மற்ற இரண்டு பேர் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று இன்னொரு பயம். சதாசிவம் மகள் கச்சேரியையும் விடவில்லை, கிஷோருடையதையும் விடவில்லை. நகலும் கைக்கடிகாரமுமாக முதல் வரிசையில் இருப்பார். கிஷோர் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். பாட்டைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பாடிக் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தான். கேட்டவர்களுக்கு வேற்று மொழி என்று தோன்றியது, இரண்டு பேர் பாராட்டவும் செய்தார்கள். ரோகிணி மேம்பாலம் கட்டினாள். மௌனத்துக்கு வடக்கே எல்லை இல்லை என்று கண்டுபிடித்து, காதுக்கே எட்டாத உச்சத்தில் ஒரு சத்தத்தை ஓடவிட்டு அதன் மேலே போனாள். தெருநாய்கள் மட்டும் கூடின.

கடைசியில் வழி கேட்டு வந்தார்கள். ஏழு மாதம் கழித்து, தனித்தனியாக.

முதலில் வச்சலா. இருசப்பன் கரையில் வலையிலிருந்து மீன் உதறிக்கொண்டிருந்தான்.

“இன்னா இருசு, நல்லாகீறியா?”

“கீறேன்.”

“ரெண்டு செகண்டு வழி வுட்டன்னா நீ இன்னா கொறஞ்சா பூடுவ?”

“மூணு பேரும் சேந்து வாங்க, வுடுறேன்.”

“அவங்களோட நான் வர்றதா? வூட்டுக்குப் போய் நாஸ்தா துண்ற வேலைய பாரு,” என்று மணலை உதைத்துக்கொண்டு போனாள்.

கிஷோர் அலுவலகப் பேருந்திலிருந்து போனில் கூப்பிட்டான். ரோகிணி நேரே வலைக்கூடத்துக்கு வந்து டிரம்ஸில் தூசி இல்லாததை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். இருவருக்கும் அதே பதில். இருசப்பன் பிடிவாதக்காரன் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் யாருக்கோ வேண்டிய ஒன்று இருந்தது, அதைக் கொடுத்துவிட்டால் இவர்கள் மறுபடியும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்திருந்தது.

அப்போதுதான் பிரவின்குமார் வந்தான். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறவன். கடற்கரையில் சாயங்காலக் கச்சேரி ஒன்று வைக்கிறான். ‘கரண்ட் வந்துச்சா’வைச் சேர்த்துப் பிடிக்க முடியாது என்று தெரிந்து, தனித்திட்டங்களைத் தனித்தனியாகப் பிடித்திருந்தான்.

“அண்ணாத்த, ‘கடல்’ நீதான? உனக்குக் கடைசி டைம் குட்த்துகீறேன். எவ்ளோ நேரம் ப்ரோகிராம்?”

இருசப்பன் யோசித்தான். “ரெண்டு செகண்டு.”

“சவுண்டு செக் வேணுமா?”

“வாணாம்.”

பிரவின்குமார் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டான். அவனிடம் ஒரு நல்ல குணம், எதையும் திருப்பிக் கேட்கமாட்டான்.

கச்சேரி அன்று ஐந்து மணிக்கே மணலில் கூட்டம். வெயில் இறங்கிக் காற்று நன்றாக இருந்தது. மூன்று பேரும் ஒரே பந்தலுக்குள் மூன்று மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கிஷோர் போய் நான்கு கிஷோராகப் பாடினான். கூட்டம் ‘உப்பெடுத்த கடலு’ கேட்டது. பாடினான், இரண்டாவது சரணத்தோடு அறுந்து நின்றது. வச்சலா போனாள். கூட்டம் கேட்டது, அங்கேயே நின்றது. ரோகிணி போனாள். அதே இடம். மூன்றாம் தடவை ஜனம் பொறுமை இழந்தது. “முடிச்சுத் தொலைங்கடா!” என்று ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துவிட்டார்.

“அடுத்து, நீங்க ரொம்ப நாளா எதிர்பார்த்த ‘கடல்’!” என்று பிரவின்குமார் அறிவித்தான்.

இருசப்பன் மேடையேறி டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தான். குச்சியைத் தூக்கினான். சும்மா இருந்தான். நாலு தட்டு எண்ணினான். குச்சியைக் கீழே வைத்தான். கச்சேரி முடிந்தது.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றே நினைத்தார்கள். இருசப்பனின் சொத்தை ஊருக்கே காட்டியாகிவிட்டது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. முன்னால் ஒரு சரணமும் பின்னால் ஒரு பல்லவியும் இல்லாவிட்டால் அது வெறும் சும்மா. அவனுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் பத்திரம் ஞாபகம் வந்தது. ஒலிவாங்கியை இழுத்தான். ஐந்து வருடத்தில் மேடையில் அவன் பேசுவது அதுவே முதல் தடவை.

“என் எடம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு யாருக்கும் தெர்ல. அளக்கணும். அளக்கும்போது பக்கத்துப் பட்டாக்காரங்க நேர்ல இருக்கணும்.”

கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசையில் சதாசிவம் துள்ளி எழுந்தார். “பையன் சொல்றது சரி! அதான் விதி! மேற்குப் பக்கம் கிஷோர், கிழக்குப் பக்கம் வச்சலா, ரெண்டு பேரும் வந்தாகணும்!”

“ரோகிணியும் வரணும்,” என்றான் இருசப்பன். “அது கீபோர்டு சத்தம் கடேசில இஸ்துகினே என் எடத்துல ஒழுவுது. ஏழு மாசமா ஒழுவுது.”

சதாசிவம் பத்திரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நேர்மையான மனிதர். “ஒழுகுதுன்னா நீயும்தாம்மா போகணும்,” என்றார்.

பந்தலில் மூன்று மூலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கூட்டத்துக்கு நில அளவை புரிந்ததோ இல்லையோ, நான்கு பேரும் மேடைக்கு வரப்போகிறார்கள் என்பது புரிந்துவிட்டது. “ஏறு! ஏறு!” என்று கத்தினார்கள். செருப்பை எடுத்தவர் அதை மறுபடி காலில் மாட்டிக்கொண்டார். முதலில் வச்சலாதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “ஒரே ஒரு வாட்டி, அளக்குறதுக்கு மட்டுந்தான்,” என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னாள். கிஷோர் ஒரே ஒரு கிஷோராக ஏறினான். ரோகிணி கீபோர்டைத் தூக்க முடியாமல் தடுமாறினாள், கிஷோரும் வச்சலாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள், பிடித்ததைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இரண்டாவது சரணத்திலிருந்து எடுத்தார்கள். கிஷோர் பாடினான். ஓடாமல், சொந்த நிலத்தில் நடக்கிறவனாகப் பாடினான். ரோகிணியின் கை பழைய இடத்துக்குத் தானாகப் போனது. இருசப்பன் தாளம் பிடித்தான். ஏழு மாதத் துருவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சரணத்தின் கடைசி வார்த்தை முடிந்தது. எல்லாம் நின்றது.

ஒன்று. இரண்டு. சதாசிவம் கடிகாரத்தை அழுத்தினார்.

மூன்றாவது தட்டில் இருசப்பனுக்குக் கை வியர்த்துக் குச்சி நழுவியது. சத்தியமாக நழுவியதுதான், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. மரப்பலகையில் விழுந்து டிரம்ஸுக்கு அடியில் உருண்டது. அவன் குனிந்தான்.

குச்சி வலது காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கையை நீட்டினான். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டான்.

மேலே ஒரு சத்தமும் இல்லை. கடைசிப் பல்லவிக்காக வச்சலா இழுத்த மூச்சு ஒலிவாங்கியில் கேட்டது, விட்ட மூச்சு கேட்கவில்லை. கிஷோரின் செருப்பு தெரிந்தது, அசையவில்லை. ரோகிணியின் கால் கீபோர்டு மிதிகட்டையின் மேல் அழுத்தாமல் நின்றது. நூற்றுக்கணக்கான பேர் மணலில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் இருசப்பனுக்கு அவர்கள் கணக்கில்லை. அந்த மூன்று பேர் அவனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவன் பேருக்கு எழுதிக்கொடுத்தது இதுதான் என்று அவனுக்கு இப்போது விளங்கியது. பல்லவியும் சரணமும் வாங்கியவர்கள் ஏமாந்துபோனவர்கள்.

“இருசப்பா! ரெண்டு செகண்டு தாண்டியாச்சு! இது ஆக்கிரமிப்பு!” என்று சதாசிவம் கத்தினார்.

“அப்பா, சும்மா இருங்க,” என்றாள் ரோகிணி. அவள் கால் மிதிகட்டையிலேயே இருந்தது.

கிஷோர் தலையைத் தாழ்த்தி, ஒலிவாங்கியில் விழாமல் கேட்டான். “இன்னா மச்சான், கெட்ச்சுதா?”

“அவன அவசரப்படுத்தாத,” என்று வச்சலா பிடித்துவைத்த மூச்சை விட்டாள். “பொறுமையா தேடு இருசு. நாங்க இங்கதான் கீறோம்.”

“தேடிகினுதான் கீறேன்,” என்றான் இருசப்பன், குச்சியைக் கால் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டே.